பழைய எண்ணில் முடிந்துபோன வழக்கு

கும்பகோணத்தில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் 26 வருஷமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டரை மணிக்குக் கடை திறந்தால் பெரும்பாலும் முதலில் வருவது வாரண்டு மனுதான். ‘ரீகால்’ என்று ஒரு வார்த்தை சொல்லி, பெயரையும் வழக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீல் குமாஸ்தா டீ குடிக்கப் போய்விடுவார். மற்ற வாசகமெல்லாம் என் விரலுக்கே தெரியும். மனுதாரர் கடந்த வாய்தாவுக்கு ஆஜராக இயலவில்லை, வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை, ஆகவே பிடியாணையைத் திரும்பப் பெற்று உத்தரவிட வேண்டும் என்று முடியும்.

ஏன் வரவில்லை என்று வந்தவரிடம் கேட்டால் டெல்டாவின் கதை முழுக்க அதில் இருக்கும். அன்றைக்குத்தான் அறுப்பு மெஷின் கிடைத்திருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாயோடு நான்கு நாளாக அங்கேயே படுத்திருப்பார். திருப்பூரில் வேலை பார்ப்பவருக்கு லீவு கிடைத்திருக்காது. பாதிப் பேருக்கு வாய்தா தேதியே தெரிந்திருக்காது.

இப்படி எத்தனையோ பேருக்கு மனு அடித்த எனக்கு, என் அப்பா பெயரில் ஒரு வாரண்டு இருந்தது தெரியாது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கரையில் இருக்கிறது. 2015 பிப்ரவரியில், சம்பா நெல் களத்தில் குவிந்து கிடக்க, கொள்முதல் நிலையம் திறக்கவில்லை என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. 32 பேர் மேல் வழக்கு. இந்தியத் தண்டனைச் சட்டம் 143, 341. சட்டவிரோதமாகக் கூடினார்கள், வழியை மறித்தார்கள். முதல் பிரிவுக்கு அதிகபட்சம் ஆறு மாதம். இரண்டாவதற்கு ஒரு மாதம், அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்பா ஐந்தாறு வாய்தாவுக்குத் தவறாமல் போனார். பிறகு கண் ஆபரேஷன், அதற்கு மேல் ஒரு காய்ச்சல். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் இருந்துவிட்டார். 2018-ல் ஊர்க்காரர்கள் அபராதம் கட்டிவிட்டு வந்து ‘கேஸ் முடிஞ்சுபோச்சு’ என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. கைபேசியில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ‘முடிவுற்றது’ என்று காட்டியது. அப்பாவிடம் சொல்லி, அந்தக் காகிதக் கட்டையும் பரண் மேல் போட்டோம்.

2019 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மறுநாள் காலை அறுப்புக்குப் பெல்ட் வண்டி வயலுக்கு வருவதாக இருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது போனில் என்னிடம் கேட்டது இதைத்தான்: “ஏன் பாப்பா, நீதானே கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன?” 71 வயசில் மூன்று இரவு கிளைச் சிறையில் இருந்தார். திங்கட்கிழமை ரீகால் மனுவை நானேதான் டைப் செய்தேன். அன்றைக்கு மட்டும் வாசகம் விரலுக்கு வரவில்லை.

என்ன நடந்திருந்தது என்றால், ஒரு வழக்கில் பலர் இருந்து அதில் ஒருவர் வராமல் போனால், வந்தவர்களின் வழக்கு தேங்காமல் இருக்க அவரை மட்டும் பிரித்துத் தனி வழக்காக்குவார்கள். பிரித்த வழக்குக்குப் புது எண். வாரண்டு அந்தப் புது எண்ணில் உயிரோடு இருக்கும். பழைய எண்ணில் தேடினால் வழக்கு முடிந்துபோனதாகத்தான் தெரியும். நான் பார்த்தது பழைய எண்.

வாரண்டுக்கு வயசாகாது, இது நம் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70-வது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72-வது பிரிவிலும் ஒரே பேச்சுதான்: ஆளைப் பிடிக்கும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை அது செல்லும். பத்து வருஷம் ஆகிவிட்டது, அந்த இன்ஸ்பெக்டர் மாறிப் போய்விட்டார் என்பதெல்லாம் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வது. அரசாங்கமே வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொன்னாலும் நிலைமை இதுதான். 2021-ல் மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்துப் போராடியவர்கள் மேல் இருந்த வழக்குகளைக் கைவிடுவதாக அறிவிப்பு வந்தபோது டெல்டாவில் எத்தனை பேர் நிம்மதி அடைந்தார்கள்! ஆனால் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிபதி சம்மதித்த பிறகுதான் திரும்பப் பெற முடியும். அந்த உத்தரவைக் கண்ணால் பார்க்காதவர்கள் இன்றைக்காவது ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

எப்படித் தேடுவது? நம் நாட்டில் வாரண்டுக்கென்று பொதுமக்கள் பார்க்கும் தனிப் பட்டியல் கிடையாது. அமெரிக்காவில் பல மாவட்டங்களில் பெயரைத் தட்டினால் நிலுவை வாரண்டைக் காட்டும் இணையப் பக்கம் இருக்கிறது. இங்கே வழக்கைக் கண்டுபிடித்து, அதற்குள் போய்த்தான் வாரண்டைப் பார்க்க வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுத்த பிறகு பெயரைப் போட்டுத் தேடலாம். அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு கலியபெருமாள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ‘ஒய்’ போட்டு ஒருவர் எழுதுவார், போடாமல் ஒருவர் எழுதுவார். முருகையனும் ஞானசேகரனும் அப்படித்தான். ஸ்டேஷனில் எந்த எழுத்தில் எழுதினார்களோ அந்த எழுத்தில்தான் வரும். ஆகவே முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். அதைவிட நிச்சயமான வழி ஸ்டேஷன் பெயர், குற்ற எண் (முதல் தகவல் அறிக்கையின் எண்), வருஷம் மூன்றையும் வைத்துத் தேடுவது. பிரித்த வழக்குக்கும் மூல வழக்குக்கும் குற்ற எண் ஒன்றேதான். அதில் தேடியிருந்தால் அப்பாவின் வழக்கு இரண்டாவது வரியாக வந்து நின்றிருக்கும்.

மாவட்டத்தையும் கவனியுங்கள். ஒன்றாக இருந்த தஞ்சையிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் போயிற்று, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. வலங்கைமான் பக்கத்து ஆட்கள் சந்தைக்கு வருவது கும்பகோணம், வழக்கு இருப்பது திருவாரூர் மாவட்டத்தில். உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் தஞ்சைக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், திருவாரூர்க்காரர் சென்னைக்கு.

வழக்கு கிடைத்துவிட்டால் அதற்கென்று 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருக்கும், சி.என்.ஆர். என்பார்கள். அதைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள், அடுத்த முறை எதையும் தேட வேண்டாம். வழக்கின் நிலை என்ற இடத்தில் ‘என்.பி.டபிள்யூ’ என்று மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது ஜாமீனில் விட முடியாத வாரண்டு. முன் வாய்தா தேதி ஒவ்வொன்றையும் தொட்டால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி திறக்கும். பெயர் கூப்பிட்டார்கள், வரவில்லை, வாரண்டு பிறப்பிக்கப்பட்டது. ஒரு மனுஷனின் மூன்று இரவு அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கக் குறிகளில்.

எனக்குக் கோபம் இங்கேதான். கீழ்க்கோர்ட்டின் மொழி தமிழ் என்று சட்டம் போட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. தீர்ப்பைத் தமிழில் எழுதுகிறார்கள், சாட்சியைத் தமிழில் பதிகிறார்கள். ‘உங்கள் மேல் பிடியாணை நிலுவையில் இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழில் காட்டுவதற்கு என்ன தடை? முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது நடக்கிறது. வழக்கு பிறந்தது ஊருக்கே தெரிகிறது, வாரண்டு பிறந்தது சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவதில்லை.

முன்கூட்டித் தெரிந்தால் ஓடிவிடுவார்கள் என்று போலீஸ்காரர்கள் சொல்வதுண்டு. கொலை, கொள்ளை வழக்குகளுக்கு அது சரி, அவற்றை மறைத்தே வையுங்கள். மறியல் வழக்கிலும் செக் வழக்கிலும் யார் ஓடப் போகிறார்கள்? நிலத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு எங்கே ஓடுவது? 2007-ல் உச்ச நீதிமன்றம் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: முதலில் சம்மன், அதற்கு வராவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு, அதற்கும் வராமல் வேண்டுமென்றே ஒதுங்குகிறார் என்று தெரிந்த பிறகுதான் ஜாமீனில் விட முடியாதது. ஆளை வரவழைப்பதுதான் நோக்கம் என்றால், தகவல் சொல்வதும் அந்த நோக்கத்துக்குள்தானே வரும்?

மறைத்து வைப்பதால் நேரும் தப்பு இன்னொரு பக்கத்திலும் உண்டு. மும்பையில் ஒரு வழக்கறிஞர் தன் மேல் இருந்த வாரண்டை நீதிமன்றத்துக்குப் போய் முறையாக ரத்து செய்யவைத்துவிட்டு வந்தார். ஆனாலும் 2002 ஆகஸ்ட் 15 அன்று, பலபேர் பார்க்க, அதே வாரண்டில் கைது செய்தார்கள். அந்த வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு வாரண்டுக்கும் அச்சடித்த வரிசை எண் வேண்டும், பதிவேட்டில் ஏற்றாமல் வெளியே அனுப்பக் கூடாது என்றெல்லாம் வழிமுறை வகுத்தது. ஆகவே ரீகால் ஆனவுடன் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உத்தரவின் நகல் வாங்கி, ஸ்டேஷனில் ஒன்று கொடுத்து, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டு இருப்பது தெரிந்தால் பயந்து ஊரை விட்டுப் போவதுதான் பெரிய தப்பு. அவர்கள் வருவதற்கு முன் நாமே போய் நிற்பது வேறு, பிடித்துக்கொண்டு போய் நிறுத்துவது வேறு. நீதிபதி இருக்கையில் உட்காரும் முன்பே வளாகத்தில் இருங்கள். பழைய ஜாமீன்தார்களிடமும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். வாரண்டு இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது.

போன வருஷம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ‘வாரண்டை’ எடுத்துக்கொண்டு கை நடுங்கக் கடைக்கு வந்தார். அசோகச் சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. ‘டிஜிட்டல் கைது’ என்றார்களாம், பணம் கட்டச் சொன்னார்களாம். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. அதிலிருந்த வழக்கு எண்ணைத் தளத்தில் போட்டேன், அப்படி ஒரு வழக்கே இல்லை. அந்த அம்மா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தேடத் தெரிந்தால் ஏமாற்றுக்காரனிடமிருந்தும் தப்பிக்கலாம்.

உயர் நீதிமன்ற நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஜாமீன் பத்திரத்தில் எழுதி வாங்குகிற கைபேசி எண்ணுக்கு, வாரண்டு போட்ட அன்றே தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். பிரித்த வழக்குகளில் பழைய எண்ணைத் திறந்தால் ‘ஐந்தாம் எதிரி மீதான வழக்கு பிரிக்கப்பட்டது, புதிய எண் இது’ என்று ஒரு வரி வரட்டும். அந்த ஒரு வரி 2018-ல் என் கைபேசியில் தெரிந்திருந்தால், அப்பா அந்தச் சனிக்கிழமை காலையில் பெல்ட் வண்டிக்கு வரப்பைக் காட்டிக்கொண்டு வயலில் நின்றிருப்பார்.