கறுப்பும் கப்பலேறி வந்த கறுப்பும்

ஒஸ்லோவில் எனது ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது, அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தேநீர் அருந்த வந்திருந்தார். நல்ல மனிதர். பேச்சு எங்கெங்கோ சுற்றி ‘நேகர்’ என்ற சொல்லில் வந்து நின்றது. “எங்கள் மொழியில் அது வசைச்சொல்லே அல்ல. கறுப்பர் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. அமெரிக்கர்களின் சண்டையை எங்கள் தலையில் கட்டுகிறார்கள்” என்றார் அவர்.

ஸ்கண்டினேவிய நாடுகளில் இது பழகிப்போன வாதம். அஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் 1945இல் எழுதிய ‘பிப்பி’ கதையில், அச்சிறுமியின் தந்தை தென்கடல் தீவொன்றில் ‘நேகர்களின் அரசர்’. நோர்வேஜிய மொழிபெயர்ப்பு 2006இலும், சுவீடிஷ் மூலம் 2015இலும் அவரைத் தென்கடல் அரசர் ஆக்கின. சுவீடன் அரச தொலைக்காட்சி 2014இல் பழைய தொடரிலிருந்து அச்சொல்லை நீக்கியபோது, தமது குழந்தைப் பருவத்தையே யாரோ திருடிவிட்டதைப்போலக் கொதித்தவர்கள் பலர். டென்மார்க்கில் ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயரில்கூட அச்சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் மாறிய பின்னரும் இனிப்பு இனிப்பாகவே இருக்கிறது!

ஆசிரியரின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. கறுப்பைக் குறிக்க அம்மொழிகளுக்குச் சொந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. நோர்வேஜியருக்கும் சுவீடியருக்கும் ‘ஸ்வார்ட்’, டேனியருக்கு ‘சோர்ட்’, ஐஸ்லாந்தருக்கு ‘ஸ்வார்தூர்’. எல்லாம் ஒரே பழைய நோர்ஸ் வேரிலிருந்து கிளைத்தவை. கறுப்பு என்று மட்டுமே சொல்ல வேண்டியிருந்தால் இச்சொல்லே தாராளமாகப் போதும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், பழைய நோர்ஸ் இலக்கியம் ஆபிரிக்கரை ‘நீல மனிதர்’ என்றது. அவர்களது நாட்டை ‘நீல நாடு’ என்றது. அக்காலத்து ‘நீலம்’ கருமையையும் தழுவிய நிறம். இது எமக்கு விளங்காத விடயமன்று. கண்ணனை நீலவண்ணன் என்றும் கார்வண்ணன் என்றும் ஒரே வாயால் பாடுபவர்கள் நாம். (10ஆம் நூற்றாண்டின் டேனிய அரசன் ‘நீலப்பல்’ ஹரால்டின் பல்லும் உண்மையில் கறுத்துப்போன பல்லாகவே இருந்திருக்கலாம் என்பர். எமது கைபேசிகளின் புளூடூத் அவன் பெயரைத்தான் சுமக்கிறது.)

இத்தனை சொற்கள் வீட்டிலிருக்க, ‘நேகர்’ எதற்காக வந்தது? இலத்தீனில் கறுப்பைக் குறித்த சொல், ஸ்பானியர், போர்த்துக்கேயர், பிரெஞ்சுக்காரர் வாய்வழியே வடக்கே போனது. அது போனது சாயத்தின் பெயராக அல்ல. மனிதரை விலைபேசும் வணிகத்தின் சொல்லாக. இன்றைய கானாவின் தலைநகர் அக்ராவில் டேனியர் வைத்திருந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை இப்போதும் நிற்கிறது. மேற்கிந்தியாவில் டேனியருக்குக் கரும்புத் தீவுகள் இருந்தன. 1848இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னரே அங்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. சுவீடனுக்கும் சென் பார்த்தலமி என்றொரு தீவு இருந்தது. நோர்வே அப்போது டேனிய முடியின்கீழ் இருந்ததால் அதற்கும் இதில் பங்குண்டு. ‘ஃபிரடென்ஸ்போர்க்’ என்ற அடிமைக் கப்பல் மேற்கிந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், 1768இல் நோர்வேயின் ஆரென்டால் கரையோரம் உடைந்து மூழ்கியது. 1974இல் அதன் சிதைவுகளைக் கண்டெடுத்தனர். ஆசிரியர் அமெரிக்கச் சண்டை என்றாரே, அந்தச் சண்டையின் கப்பல் அவரது சொந்தக் கடலடியில் கிடந்தது.

2001 ஜனவரி 26ஆம் திகதி இரவு, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பெஞ்சமின் ஹெர்மன்சன் என்ற 15 வயதுச் சிறுவனை நவநாஜிகள் குத்திக் கொன்றனர். தாய் நோர்வேஜியர், தந்தை கானா நாட்டவர். தோலின் நிறமே கொலைக்குக் காரணம் என்று நீதிமன்றமும் கண்டது. சில நாட்களில் பல்லாயிரம் பேர் தீப்பந்தங்களுடன் ஒஸ்லோவின் தெருக்களில் நடந்தனர். அந்த மக்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு சொல்லுக்குக் கறுப்பைத் தவிர வேறு பொருளே இல்லை என்று எவர் சாதித்தாலும், அந்தச் சிறுவனின் வயது எனக்கு நினைவில் வருகிறது.

இவை அனைத்தையும் அன்று என் தம்பி உற்சாகத்துடன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். உற்சாகத்திற்குக் காரணம் இருந்தது. எண்பதுகளின் இறுதியில், வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தபோது அவனை ‘ஸ்வார்ட்டிங்’, அதாவது கறுப்பன், என்று அழைத்திருக்கிறார்கள். சுவீடனிலும் கருமுடிக் குடியேறிகளுக்கெனக் ‘கறுப்பு மண்டை’ என்று பொருள்படும் வசையொன்று உண்டு. தூய சொந்தச் சொல்லும் வாய்க்கு வாய் நஞ்சாகும் என்பதை அவன் அனுபவித்து அறிந்தவன்.

ஆசிரியர் விடைபெற்றுச் சென்றார். சற்று நேரத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் சோமாலியரின் பிள்ளைகள் படிக்கட்டில் தடதடவென ஓடினர். “இந்தக் காப்பிலியளின்ர சத்தம் தாங்கேலாது” என்றான் தம்பி.

காப்பிலி! அரபியில் நம்பிக்கையற்றவனைக் குறித்த ‘காஃபிர்’ என்ற சொல், போர்த்துக்கேயர் வழியாக எம்மிடம் வந்து இவ்வாறு திரிந்தது. அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். அதுவும் கப்பலேறி வந்த சொல்தான். கறுப்பு என்ற சொந்தச் சொல் எமக்கும் இருந்தது.

ஒஸ்லோவில் பிறந்த தம்பியின் மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“பெரியப்பா, காப்பிலி எண்டால் என்ன?”

நான் தம்பியைப் பார்த்தேன். “ஒண்டுமில்லை அம்மா, கறுப்பு ஆக்கள் எண்டு அர்த்தம்” என்றான் அவன்.