ஆட்டம் பார்க்கப் போனார்கள், வீடு திரும்பவில்லை!

1985 மே 29. பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸெல்ஸ். லிவர்பூல் அணிக்கும் இத்தாலியின் ஜுவென்டஸ் அணிக்கும் கால்பந்து இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. திடீரென்று லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் பக்கத்துப் பகுதியில் நின்றவர்கள் மீது பாய்ந்தது. ஜனங்கள் பயந்து சுவரோரம் ஓடினார்கள். பழைய சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டார்கள்!

ஏன் இந்த வெறி?

பிரிட்டனில் அப்போது 30 லட்சம் பேருக்கு மேல் வேலை இல்லை. லிவர்பூலில் துறைமுக வேலை குறைந்தது, ஆலைகள் மூடப்பட்டன. 1981-ல் அந்த ஊர்த் தெருக்களில் பெரிய கலவரமே மூண்டது. வேலையற்ற வாலிபனுக்குச் சனிக்கிழமை ஆட்டம்தான் திருவிழா.

ஆனால் வறுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ரகளைக் கூட்டத்தில் சம்பளக்காரர்களும் இருந்தார்கள். விலை உயர்ந்த சட்டை போட்டுக்கொண்டு அடிதடிக்கு வந்தார்கள்! ஏழை ரசிகர்களில் பெரும்பாலோர் கல்லைத் தொட்டதே இல்லை.

அதிகாரிகள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. ரசிகன் என்றாலே காலி என்ற எண்ணம். ரகளையைத் தடுக்க மைதானங்களில் இரும்பு வேலி போட்டிருந்தார்கள்.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அதே லிவர்பூல் அணியின் ஆட்டம். கூட்டம் நெரிந்தது. வெளியேற முடியாமல் வேலி தடுத்தது. பல ஆண்டு கழித்து இறந்தவரையும் சேர்த்து 97 பேர் பலி! குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று போலீசார் பழி போட்டார்கள்.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. விசாரணை, வழக்கு என்று அலைந்தார்கள். 2016-ல்தான் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ரசிகர்கள் மீது தவறு இல்லை; போலீசாரின் பெரும் தவறுகளே சாவுக்கு வழி வகுத்தன.

அதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரில் சிலர், அதைக் கேட்க உயிரோடு இல்லை.