படம் ஒளிர்ந்தால் நோய் தீர்ந்ததா?



உடலில் ஓடும் ‘சீ’ எனும் உயிராற்றலைத் தூண்டி நோய் நீக்குவதாகச் சொல்லும் சீன மரபுச் சிகிச்சை, கடலூர், சிதம்பரம் பகுதி இல்லங்களிலும் இன்று பேசப்படுகிறது. மூளைப் படங்களே இதற்குச் சான்று என்பாரும் உளர்.

1998இல் அமெரிக்காவில் ஸாங் ஹீ சோ குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண் நோய்க்குரியதாகக் கருதப்படும் பாதப்புள்ளிகளில் ஊசி குத்தினால், மூளையின் பார்வைப் பகுதி இயங்குவதாக எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டினர். 2006இல் அவரும் சக ஆய்வாளர் பலரும் அம்முடிவைத் தாமே திரும்பப் பெற்றனர். அத்தகைய படம் காட்டுவது மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தையே. நோய் தீர்ந்ததை அன்று. சாதாரணத் தொடுதலும் அம்மாற்றத்தை உண்டாக்கும்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. தம் முடிவைத் திரும்பப் பெற்ற ஆய்வாளரின் நேர்மை, அதைப் பரப்புவோருக்கும் வேண்டும்.

தொடுதல் மனத்துக்கு ஆறுதல் தரலாம், மறுக்கவில்லை. ஆயின் அதை நம்பி, சர்க்கரை நோயுள்ள தாயின் இன்சுலினை நிறுத்துவது தவக்குல் ஆகாது, உயிருக்கே ஆபத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும் தெளிந்த அறிவையும் அருள்வானாக.