சாமான்களைக் கட்டுங்கள்... தீபாவளியைக் கட்டி வைக்காதீர்கள்!

ஐப்பசி அடைமழை ஒரு பக்கம். தீபாவளிப் பரபரப்பு மறுபக்கம். இந்த நேரம் பார்த்து வீட்டுக்காரருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் எப்படி இருக்கும்? அதுவும் பக்கத்து ஊருக்கு அல்ல... டெல்லிக்கு! கார்த்திகை பிறந்ததும் அங்கே வேலையில் சேர வேண்டும். கையில் இருப்பது ஐந்தே வாரம்.

இப்படிப்பட்ட இளம் தம்பதிகள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் முதலில் எடுக்கும் முடிவு இதுதான்: "இந்த வருஷம் தீபாவளியே வேண்டாம் டாக்டர். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இப்போ பேக்கிங்தான் முக்கியம்!"

இது தப்பான முடிவு. பக்திக்காகச் சொல்லவில்லை, குடும்ப ஆரோக்கியத்துக்காகச் சொல்கிறேன்.

எப்படி என்கிறீர்களா?

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. பசி, தாகம், தூக்கம், தும்மல், இருமல், கொட்டாவி, மலம், சிறுநீர்... இப்படி உடம்பு தானாகக் கேட்கிற விஷயங்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது நாங்கள் கல்லூரியில் படித்த பாடம். வீடு மாற்றுகிற குடும்பத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "இந்தப் பெட்டியை முடிச்சுட்டு சாப்பிடறேன்" என்று அம்மா பசியை அடக்குகிறாள். ராத்திரி ஒரு மணி வரை புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அப்பா தூக்கத்தை அடக்குகிறார். மிக்ஸியும் குக்கரும் முதல் வாரமே பெட்டிக்குள் போய்விட, வீட்டில் மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. மழைக்காலத்தில் சீரண சக்தி மந்தமாக இருக்கும். அப்புறம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராமல் என்ன செய்யும்?

அந்தப் பதினான்கில் கண்ணீரும் ஒன்று. பல பேருக்கு இது தெரியாது.

ஐந்து வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பத்து நாளாக ராத்திரி ஆனால் வயிற்று வலி. எப்போதோ நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கமும் திரும்பி வந்துவிட்டது. குழந்தை மருத்துவர் பரிசோதித்து, சிறுநீரையும் சோதித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, டெல்லிக்குப் போறியாமே?"

"அப்பா, அம்மா, பாப்பா போறாங்க. நான் ஆச்சி வீட்ல இருப்பேன்."

பெற்றவர்கள் இருவரும் ஆடிப்போய்விட்டார்கள். அப்படி அவனிடம் யாருமே சொல்லவில்லை. ஆனால், லாரியில் இடம் போதாது என்று அவனுடைய சைக்கிளையும் விளையாட்டுச் சாமான்களையும் ஆச்சி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "என் சைக்கிள் அங்கதானே இருக்கு!" என்கிறான் பையன். குழந்தை போட்ட கணக்கு அது! வாய்விட்டுக் கேட்கவும் பயம், அழவும் பயம். ஏனென்றால் வீட்டில் எல்லோரும் 'சும்மா இரு, தொந்தரவு பண்ணாதே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. "அவனையும் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்தியா படத்தில் டெல்லியைக் காட்டுங்கள். ஒரு சின்னப் பை கொடுத்து, அவனுக்குப் பிடித்ததை அவனே எடுத்து வைக்கட்டும். 'ஆம்பளைப் புள்ளை அழலாமா' என்று கேட்காதீர்கள். முக்கியமாக, தீபாவளியை வழக்கம் போலக் கொண்டாடுங்கள். ஆச்சி கையால் தலைக்கு எண்ணெய் வைக்கட்டும்" என்றேன். மூன்று வாரத்தில் வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

வீடு மாறப்போகிறது, பள்ளிக்கூடம் மாறப்போகிறது, தெருவில் கேட்கிற பாஷைகூட மாறப்போகிறது. குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள மிச்சம் இருப்பது நம் வீட்டு வழக்கங்கள்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சாயங்கால விளக்கு, ராத்திரி கதை. அவையும் நின்றுபோனால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

"சொல்றது சுலபம் டாக்டர், நேரத்துக்கு எங்கே போறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஏழு பலகாரம் வேண்டாம். ஒரு இனிப்பு, ஒரு காரம் போதும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்து ஒரு கிண்ணம் லேகியம். (சர்க்கரை நோயாளிகள் லேகியம் பக்கம் போக வேண்டாம்!) கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: சமையலும் பேக்கிங்கும் சேர்ந்து ஒரே ஆள் தலையில் விழக்கூடாது. இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, புறப்படுவதற்கு முன் சில யோசனைகள்:

* அடுப்பங்கரையைக் கடைசியாகக் கட்டுங்கள். மிளகு ரசமும் சூடான சாதமும் கிளம்பும் நாள் வரை இருக்கட்டும்.

* மொட்டை மாடியில் ஒதுக்கிப் போட்ட டிரம், பழைய டயர், பூந்தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள் அல்லது அப்புறப்படுத்துங்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு பெருக ஏறக்குறைய பத்து நாள் போதும். 2012-ல் எங்கள் பக்கம் டெங்கு படுத்திய பாடு மறக்கக்கூடியதல்ல. காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

* தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், ஒரு மாத மாத்திரை... இவை லாரியில் போகக் கூடாது. கைப்பையில் இருக்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ள குழந்தையின் இன்ஹேலரும் அப்படியே.

* சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர். இரண்டு ராத்திரி ரயிலில். கழிவறைக்குப் பயந்து பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்புக்கு இதுவே வழி. தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளைக்குப் புளியோதரை. தயிர் சாதத்தை நீண்ட நேரம் வைத்திருந்து சாப்பிட வேண்டாம்.

* கார்த்திகையில் டெல்லியில் குளிரோடு புகையும் சேர்ந்திருக்கும். பயிர்த்தாள் எரிக்கும் புகை, வண்டிப் புகை எல்லாம் காற்று வீசாமல் அப்படியே தங்கிவிடும். புகை மூட்டமான காலையில் குழந்தைகளை வெளியே விளையாட விடாதீர்கள்.

* நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்பது தேரையர் வகுத்த விதி. டெல்லிக் குளிரில் வாரம் ஒரு முறை போதும். வெயில் ஏறிய பிறகு, வெந்நீரில். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம்.

ஊரில் தங்கிவிடுகிற ஆச்சியை மறந்துவிடாதீர்கள். பேரன் பேத்தி இல்லாத வீட்டில் இருக்கப்போகிறவர் அவர். இந்தத் தீபாவளியை நிறுத்தினால் அதிகம் இழப்பவரும் அவர்தான். அவர் அழுதாலும் தடுக்காதீர்கள்.

டெல்லியில் பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் திருக்கார்த்திகை வந்துவிடும். அகல் விளக்கு இரண்டை இப்போதே கைப்பையில் போட்டு வையுங்கள். எண்ணெயும் திரியும் அங்கேயே கிடைக்கும்!