புதிய ஹெட்செட் வாங்கும் முன் பதினைந்து நிமிடம்

நம் மாணவர்களில் பலர் மாலை நேரத்தில் நண்பர்களுடன் பேசுவது ஹெட்செட் வழியாகத்தான். விளையாடுவதற்கென்று வாங்கிய அதே கணினியில்தான் குழு ஒப்படைப்பும் நடக்கிறது. வேலைப்பயிற்சிக்கான நேர்முகமும் நடக்கிறது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது வீட்டுக்கு வீடு பரவிய இந்தப் பழக்கம், கொவிட்-19 தணிந்த பிறகும் நம்மைவிட்டுப் போகவில்லை.

மைக்கில் இரைச்சல் புகுந்துவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். அந்த இரைச்சல் மைக்குக்குச் சொந்தக்காரருக்குக் கேட்காது; மற்ற எல்லாருக்கும் கேட்கும். முதல் நாள் “உன் மைக் சரியில்லை” என்று சொல்வார்கள். அடுத்த நாள், சொல்லாமலேயே அவருடைய ஒலியை அடைத்துவிடுவார்கள். சில நாளில் அவரே பேசுவதை விட்டுவிட்டு, தட்டச்சு செய்து பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். குழுவிலேயே நல்ல யோசனை அவரிடம் இருந்தாலும் அது வெளியே வராது. நேர்முகத்திலோ, ஆசிரியர் மதிப்பெண் போடும் படைப்பிலோ இது நடந்தால் இழப்பு இன்னும் பெரிது.

இந்த நிலையில் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பெற்றோரிடம் பணம் கேட்டுப் புதிய ஹெட்செட் வாங்குகிறார்கள். அல்லது, கணினியில் கண்ணில் படும் எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறார்கள். இரண்டிலுமே காரணம் தெரிவதில்லை. குறை கணினியில் இருந்தால் புதிய ஹெட்செட்டிலும் அதே இரைச்சல்தான் வரும். பத்து அமைப்புகளை மாற்றிய பிறகு இரைச்சல் நின்றாலும், எதனால் நின்றது என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் திரும்பி வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்பதே நாம் சொல்ல வருவது. அதற்குத் தேவையான அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அறிவியல் வகுப்பில் படித்ததுதான்.

மைக் நம் குரலை மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. அதன் அளவு சில மில்லிவோல்ட்தான். பக்கத்துச் சுவரில் ஓடுவதோ 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்சாரம். மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் அருகிலுள்ள கம்பிகளிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று மின்காந்தத் தூண்டல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கணினிப் பெட்டிக்குள் வரைகலை அட்டையும் மின்வழங்கியும் ஓயாமல் இதைச் செய்துகொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் உங்கள் குரலின் மெல்லிய மின்குறிப்பு பயணம் செய்கிறது. இரைச்சல் கலப்பதில் வியப்பில்லை. எங்கே கலக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒலியைக் கேட்டுப் பழகுங்கள். விண்டோஸ் 11 கணினியில் உள்ள சவுண்ட் ரெக்கார்டர் செயலியில் 30 வினாடி பதிவுசெய்யுங்கள். முதல் 10 வினாடி எதுவும் பேச வேண்டாம். அடுத்த 10 வினாடி வழக்கம்போல் பேசுங்கள். கடைசி 10 வினாடி பேசாமல் மவுஸை அசைத்தும், கம்பியை லேசாக ஆட்டியும் பாருங்கள். பிறகு போட்டுக் கேளுங்கள். இதுவரை மற்றவர்கள் கேட்டது இப்போது உங்களுக்கும் கேட்கும்.

ஒவ்வோர் இரைச்சலுக்கும் ஒரு முகம் உண்டு. ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக ஒலித்தால், சுவர் மின்சாரம் எங்கோ நுழைகிறது. மவுஸை அசைக்கும்போதோ விளையாட்டில் காட்சி மாறும்போதோ ‘கீச்’சென்ற ஒலியும் சேர்ந்து மாறினால், இரைச்சல் கணினிப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. கம்பியை ஆட்டினால் ‘சடசட’ என்றால் கம்பியோ பிளக்கோ பழுது. பேசாதபோதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தால், மைக்கின் ஒலிப்பெருக்கத்தை அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கிறீர்கள். கம்பியில்லா ஹெட்செட்டில் சொற்கள் துண்டு துண்டாக வந்தால் அது வானலைச் சிக்கல். எதிரொலி மட்டும் விதிவிலக்கு. உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால் குறை பெரும்பாலும் உங்களிடம் இல்லை. எதிர்முனையில் யாரோ ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருக்கிறார். அவருடைய மைக் உங்கள் குரலைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது.

அடுத்தது சோதனை. ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிறகு மீண்டும் பதிவுசெய்து கேளுங்கள்.

முதலில் ஹெட்செட்டை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். இரைச்சல் கூடவே வந்தால் குறை ஹெட்செட்டில். வராவிட்டால் குறை உங்கள் கணினியில் அல்லது அதன் சுற்றுப்புறத்தில். இந்த ஒரு சோதனையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

குறை கணினிப் பக்கம் என்றால் துளையை மாற்றுங்கள். மேசைக் கணினியின் முன்பக்கத்து 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, பெட்டியின் உட்பகுதி முழுவதையும் கடந்து தாய்ப்பலகைக்குப் போகிறது. போகும் வழியில் இரைச்சலை அள்ளிக்கொள்கிறது. பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. முன்னாலிருந்து பின்னால் மாற்றியதுமே பலருடைய தொல்லை தீர்ந்துவிடும்.

அப்போதே பிளக்கையும் உற்றுப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால், கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து ஒரே பிளக் என்று பொருள். மேசைக் கணினிகள் பலவற்றில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, கேட்பதற்குப் பச்சைத் துளை எனத் தனித்தனியாக இருக்கும். மூன்று வளைய பிளக்கை அதில் ஒன்றில் அப்படியே செருகினால் மைக் வேலை செய்யாது, அல்லது இரைச்சல் மட்டும் வரும். இரண்டாகப் பிரிக்கும் ஒரு சிறிய கம்பி இருந்தால் போதும். ஹெட்செட்டை மாற்ற வேண்டியதில்லை.

‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சலுக்கு ஒலி அமைப்புகளில் மைக்கின் ‘பூஸ்ட்’ அளவைப் பாருங்கள். அதை 20 டெசிபெல் உயர்த்தினால் மின்குறிப்பு 10 மடங்காகிறது. 30 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 32 மடங்கு. குரலோடு சேர்ந்து இரைச்சலும் அதே மடங்கு பெருகுகிறது. பூஸ்ட்டைக் குறைத்துவிட்டு மைக்கை வாய் ஓரத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் மைக்கைச் சேரும் குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இரைச்சல் கூடாது. மின்விசிறி நேராக மைக்கில் வீசுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் இது சாதாரணமாக நடப்பது.

‘ம்ம்ம்’ ஒலிக்கு, மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் ஓடவிடுங்கள். ஒலி நின்றால் காரணம் சார்ஜர் வழியாக வருகிறது. மேசைக் கணினியானால் கணினி, திரை, ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். அவை வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகும்போது, அவற்றை இணைக்கும் கம்பிகள் ஒரு வளையமாகி ரீங்காரத்தை உண்டாக்கக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக்கின் எர்த் முனையை உடைத்தால் ரீங்காரம் நிற்கும் என்று சிலர் சொல்லக் கேட்கலாம். ரீங்காரம் நிற்கலாம், ஆனால் கணினியில் மின்கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிரும் நிற்கலாம். மூன்று முனை பிளக்கில் அந்த முனை இருப்பது காரணமில்லாமல் அல்ல. எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொடாதீர்கள். மின்வழங்கியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம்.

கம்பியில்லா ஹெட்செட் வைத்திருப்பவர்கள் அதன் யுஎஸ்பி வாங்கி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 இணைப்புகளும் அதே அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012ல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் விளக்கியது. வாங்கிக்கு அருகில் வெளி வன்தட்டு செருகியிருந்தால் அதை அகற்றிவிட்டுச் சோதியுங்கள். ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு வாங்கியை மேசைமேல் ஹெட்செட்டுக்கு அருகில் வையுங்கள். அடுக்குமாடி வீட்டில் அண்டை வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். முடிந்தால் உங்கள் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கத் தொடங்கியதும் பாட்டு பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மங்கினால், அது பழுதல்ல. வழக்கமான புளூடூத்தால் உயர்தர ஒலியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் சுமக்க முடியாது.

இத்தனை எதற்கு, இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். விசைப்பலகை ஓசை, மின்விசிறி ஓசை போன்றவற்றுக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் அவை வலிமாத்திரை போன்றவை. கம்பி அறுந்துகொண்டிருப்பதை மறைக்கும், சரிசெய்யாது. சில சமயம் இரைச்சலோடு சேர்த்து உங்கள் சொல்லின் முதல் எழுத்தையும் வெட்டிவிடும். காரணத்தைத் தேடிய பிறகு மிச்சமிருக்கும் இரைச்சலுக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள்.

சோதனைகளின் முடிவில் ஹெட்செட்தான் கெட்டது என்று தெரிந்தால் தாராளமாகப் புதியது வாங்கலாம். பெற்றோரிடம் காரணத்தோடு கேட்கலாம். குறை கணினியின் ஒலிப்பகுதியில் என்றால், மின்குறிப்பைப் பெட்டிக்கு வெளியிலேயே மாற்றும் சிறிய யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்றே போதும்.

பணம் மட்டும் அல்ல பிரச்சினை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கணக்கிட்டுள்ளது. நன்றாக இயங்கும் ஹெட்செட்டும் அதில் போய்ச் சேர்வது வீண். பழுதுபார்க்கும் பழக்கத்தை வளர்க்க 2014ல் இங்கு தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ முயற்சியில், குடியிருப்பாளர்கள் தங்கள் பொருள்களைத் தாங்களே சரிசெய்யத் தொண்டூழியர்கள் கற்றுக்கொடுத்தனர். அதே முறையில் பள்ளிக் கணினி மன்றங்களும் தவணைக்கு ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். ஹெட்செட்டைக் கொண்டுவருபவருக்கு மூத்த மாணவர் ஒருவர் சோதனைகளைச் செய்து காட்டினால், இயற்பியல் பாடமும் கூடவே மனத்தில் பதியும்.

குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. இரைச்சல் கேட்டால் உடனே ஒலியை அடைத்துவிடாதீர்கள். “மைக் சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், என்ன ஒலி, எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். “நீ பேசாதபோதும் ‘ம்ம்ம்’ என்கிறது” என்ற ஒரு வாக்கியம் நண்பரின் தேடலைப் பாதியாக்கிவிடும்.

இன்றிரவு நண்பர்களுடன் இணைவதற்கு முன் அந்த 30 வினாடிப் பதிவைச் செய்து கேளுங்கள். இரைச்சல் இருந்தால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவுசெய்யுங்கள்.