ஏழையின் வழக்கறிஞர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

சென்ற இதழில் ஜெஃப் அடாச்சியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தவர்கள், ஓட்டுக்காக ஏழைகளைப் பயன்படுத்திக்கொண்ட ஒரு சான்ஃபிரான்சிஸ்கோ அரசியல்வாதி என்றுதான் அவரை நினைத்திருப்பார்கள். அது பொய். விவரம் தெரியாமல் எழுதிவிட்டார் என்று கட்டுரையாளரை மன்னிக்கவும் வழியில்லை. எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நிகழ்விலும் தன் வாதத்துக்கு உதவாத பாதியை வெட்டி எறிந்துவிட்டே அவர் எழுதியிருக்கிறார்.

அவர் வாதம் இதுதான். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்காக அரசுச் செலவில் வாதாடுபவர் பப்ளிக் டிஃபெண்டர். குற்றம் சாட்டப்பட்டவரை ஊர் வெறுக்கும். ஊரிடம் ஓட்டுக் கேட்டு நிற்பவர், ஊர் வெறுக்கும் ஒருவருக்காக மனதார வாதாட மாட்டார். ஆகவே அந்தப் பதவிக்குத் தேர்தல் கூடாது, நியமனம்தான் வேண்டும். தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்த அடாச்சி செய்த சேவையெல்லாம் ஓட்டு வேட்டை. காகிதத்தில் இது கோவையாகத்தான் இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்தவற்றில் ஒன்றுகூட இதற்குள் அடங்கவில்லை.

கட்டுரையாளர் கேட்கும் நியமனம் அந்த நகரத்தில் 2001ஆம் ஆண்டு நடந்தது. பதவியில் இருந்தவர் இடையில் விலகியதும், மேயர் வில்லி பிரவுன் அந்த இடத்தில் கிமிகோ பர்ட்டனை அமர்த்தினார். அவரும் வழக்கறிஞர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கலிஃபோர்னியா மேலவையை வழிநடத்திய ஜான் பர்ட்டனின் மகள். ஜான் பர்ட்டன் மேயரின் நெடுநாள் அரசியல் தோழர். 1987 முதல் அதே அலுவலகத்தில் வாதாடி, தலைமை வழக்கறிஞர் நிலைக்கு உயர்ந்திருந்த அடாச்சியைக் கிமிகோ வந்ததும் வேலையிலிருந்து நீக்கினார். தட்டிக் கேட்க அடாச்சிக்கு இருந்த ஒரே இடம் வாக்குச்சாவடி. 2002 மார்ச் தேர்தலில் கிமிகோவை எதிர்த்து நின்று வென்றார். கட்டுரையாளர் இதைப் பதவி ஆசையில் மேலதிகாரியை எதிர்த்ததாக ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மேயரின் நியமனத்தையும், பர்ட்டன் குடும்பத்தையும், வேலைநீக்கத்தையும் அவர் கட்டுரையில் தேடினேன். மூன்றும் இல்லை. மூன்றையும் சொல்லியிருந்தால் நியமனமே மேல் என்று அடுத்த பத்தியில் அவரால் எழுதியிருக்க முடியாது.

இன்னொன்றையும் அவர் தொடவே இல்லை. அதே நகரத்தில் குற்றம் சாட்டி வழக்கு நடத்தும் மாவட்ட அட்டர்னி தேர்தலில் வென்று வருபவர். கமலா ஹாரிஸ் முதன்முதலில் ஓட்டுக் கேட்டது 2003இல், இந்தப் பதவிக்குத்தான். சிறையை நடத்தும் ஷெரீஃபும் தேர்தலில் வருபவர். தீர்ப்புச் சொல்லும் சுப்பீரியர் கோர்ட் நீதிபதிகளும் வாக்காளர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். தண்டனை வாங்கித் தருபவர் ஓட்டுக் கேட்பதில் கட்டுரையாளருக்கு எந்த உறுத்தலும் இல்லை. தண்டனையைத் தடுக்க நிற்பவர் மட்டும் மேயரின் தயவில் இருக்க வேண்டும் என்கிறார். 1893இல் கிளாரா ஃபோல்ட்ஸ் என்ற பெண் வழக்கறிஞர் சிகாகோவில் இந்தப் பதவிக்கான யோசனையை முன்வைத்தபோது, குற்றம் சாட்ட அரசு பணம் தருவதுபோல் தற்காத்துக்கொள்ளவும் தர வேண்டும், இரு தரப்பும் சமநிலையில் நிற்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. ஒரு தரப்புக்கு மக்கள் ஆணையும் மறு தரப்புக்கு மேயரின் நியமனக் கடிதமும் கொடுத்துவிட்டு அதைச் சமநிலை என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் 58 கவுன்டிகளில் சான்ஃபிரான்சிஸ்கோ மட்டுமே பப்ளிக் டிஃபெண்டரைத் தேர்ந்தெடுக்கிறது. அது அந்த நகரத்தின் கோளாறு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மற்ற 57 கவுன்டிகளும் எட்டிப் பிடிக்க வேண்டிய நிலை அது என்பது என் கருத்து.

ஓட்டுக்காக வெறுக்கப்பட்டவரைக் கைவிடுவார் என்ற ஆரூடம் என்ன ஆனது என்று பார்ப்போம். 2015 ஜூலை 1 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ கடற்கரைத் துறையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த கேட் ஸ்டைன்லி என்ற இளம்பெண் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். கைதானவர் மெக்சிகோவிலிருந்து வந்தவர், பலமுறை நாடு கடத்தப்பட்டவர், தங்க வீடில்லாதவர். டொனால்ட் டிரம்ப் தன் அதிபர் பிரச்சாரத்தில் அந்த மரணத்தைத் திரும்பத் திரும்பப் பேசினார். அமெரிக்காவில் அன்று கைதான அந்த மனிதரைவிட அதிகமாக வெறுக்கப்பட்ட கைதி இருந்திருக்க மாட்டார். அவருக்காக வாதாடியது அடாச்சியின் அலுவலகம். வழக்கை முன்னின்று நடத்தியவர் அதன் மூத்த வழக்கறிஞர் மாட் கான்சாலஸ். ஒரு கூட்டரசு அதிகாரியின் காரிலிருந்து திருடுபோன துப்பாக்கி அது. குண்டு முதலில் தரையின் கான்கிரீட்டில் பட்டுத் தெறித்துத்தான் அந்தப் பெண்ணைத் தாக்கியது. குறிபார்த்துச் சுட்டதாகச் சொல்ல முடியாது, கை பட்டு வெடித்தது என்பதே அவர்கள் வாதம். 2017 நவம்பர் 30 அன்று ஜூரி கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனைக்கு உரியவர் என்றது. நாடு முழுவதும் வசைமாரி. அடாச்சி ஒளியவில்லை, தன் வழக்கறிஞர்களோடு பகிரங்கமாக நின்றார். ஆறே மாதத்தில், 2018 ஜூனில், அவருக்குத் தேர்தல். எதிர்த்துப் போட்டியிட ஒருவரும் வரவில்லை. இந்த வழக்கை விட்டுவிட்டு அடாச்சியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதுவது நேர்மையான செயல் அல்ல.

போலீசோடு அடாச்சி மோதியது விளம்பர ஆசை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 2011இல் ஹென்றி ஹோட்டல் என்ற விடுதியின் கண்காணிப்பு கேமராப் பதிவுகளை அடாச்சி வெளியிட்டார். ஆறாம் தெருவில், ஒற்றை அறையில் ஏழைகள் வாடகைக்குத் தங்கும் இடம் அது. சாதாரண உடையில் வந்த போலீசார் அறைகளுக்குள் புகுந்த விதம் ஒன்றாகவும், அவர்கள் அறிக்கையில் எழுதி நீதிமன்றத்தில் சொன்னது வேறாகவும் இருந்தன. பல வழக்குகள் கைவிடப்பட்டன. கூட்டரசு விசாரணை வந்தது. 2014 டிசம்பரில் இரண்டு போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. மூன்றாமவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சோதனை போடப் போன இடத்தில் ஏழைகளின் பணத்தையும் பொருளையும் திருடியவர்கள் இவர்கள். அந்த வழக்கைத் தொடர்ந்தே, கறுப்பினத்தவரை இழிவுபடுத்திப் போலீசார் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் 2015இல் அம்பலமாயின. ஆறாம் தெரு விடுதியில் தங்கியிருப்பவர் பேச்சுக்கு எதிராகப் போலீஸ்காரர் பேச்சு வந்தால் எந்த நீதிமன்றம் அந்த ஏழையை நம்பும்? நம்ப வைக்க ஒரு வீடியோ தேவைப்பட்டது. அதை ஊரறிய வெளியிட, மேயருக்கும் போலீஸ் கமிஷனருக்கும் பயப்படாத ஒருவர் தேவைப்பட்டார். அவரை வேலையிலிருந்து நீக்க மேயரால் முடியாது. தேர்தல் கொடுத்த சுதந்திரம் அதுதான்.

கட்டுரையாளரிடம் வலுவான உதாரணம் ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஃபுளோரிடாவிலும் பப்ளிக் டிஃபெண்டர்கள் தேர்தலில் வருகிறார்கள். ஜாக்சன்வில்லில் 2008இல் மாட் ஷர்க் என்பவர் போலீஸ் சங்கத்தின் ஆதரவோடு வென்றார். அதன்பின் அனுபவம் மிக்க வழக்கறிஞர்கள் பலரை நீக்கினார். செய்யாத கொலைக்காகக் கைதான பிரென்டன் பட்லர் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவனை விடுதலை செய்ய வைத்த இரு வழக்கறிஞர்களும் அவர்களில் அடக்கம். அந்த வழக்கைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பெற்றது. இது வெட்கக்கேடு. ஆனால் 2016இல் ஷர்க்கின் சொந்தக் கட்சி வாக்காளர்களே உட்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதைக் கட்டுரையாளர் எழுதவில்லை. 2008இல் நிறுத்திக்கொண்டார். வாக்காளர்கள் தவறு செய்வார்கள், திருத்தவும் செய்வார்கள். தனக்கு வேண்டியவர் என்று மேயர் நியமித்த ஒருவரைத் திருத்த மேயரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கட்டுரையாளர் எழுப்பும் ஓய்வூதியப் பிரச்சினைக்கு வருகிறேன். 2010இலும் 2011இலும் நகர ஊழியர்கள் ஓய்வூதியத்துக்கு அதிகம் செலுத்த வேண்டும் என்று அடாச்சி வாக்கெடுப்புக்குத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். இரண்டும் தோற்றன. 2011 மேயர் தேர்தலிலும் தோற்றார். அந்தத் தீர்மானங்களில் எனக்கு உடன்பாடில்லை. நகரத்தின் கடனை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது நியாயமில்லை. ஆனால் இதை ஓட்டு வேட்டைக்குச் சான்றாகக் காட்டுவது அபத்தம். தொழிற்சங்கங்கள் பலம் பெற்ற நகரத்தில் தொழிற்சங்கங்களைப் பகைத்துக்கொண்டார். ஓட்டுக்கு அலைபவர் செய்யும் வேலையா அது?

என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது அடாச்சியின் சமூகப்பணியைப் பற்றிய பகுதி. பள்ளிக்கூடப் பைகளைக் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்கிறது கட்டுரை. பேவியூ ஹன்டர்ஸ் பாயின்ட்டில் 2004இலும், வெஸ்டர்ன் அடிஷனில் 2006இலும் அடாச்சியின் அலுவலகம் 'மேஜிக்' என்ற சிறுவர் திட்டங்களைத் தொடங்கியது. முதல் பகுதியில் கடற்படைக் கப்பல் தளம் 1974இல் மூடப்பட்டது. வேலைகள் போயின, நச்சுக் கழிவு மண்ணிலேயே தங்கியது. இரண்டாவது பகுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. தன் அலுவலகத்துக்குக் கைதிகளாக வரும் இளைஞர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது அடாச்சிக்குத் தெரியும். பதினெட்டு வயதில் குற்றவாளிக் கூண்டில் சந்திக்கப்போகும் பிள்ளையை எட்டு வயதில் வாசிப்பு வகுப்பில் சந்திக்க நினைத்தார். அவர் அலுவலகத்தின் 'க்ளீன் ஸ்லேட்' என்ற பிரிவு, தண்டனை முடிந்து ஆண்டுகள் கழிந்தும் பழைய பதிவால் வேலையும் வீடும் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பதிவை நீக்க மனுப் போட்டுக் கொடுத்தது. அவை அவருடைய தொழிலின் பகுதிகள். இவற்றைக் கையூட்டு என்று எழுதியவர் அந்தத் தெருக்களில் வாழும் தாய்மார்களையும் சேர்த்தே இழிவுபடுத்தியிருக்கிறார்: ஒரு பைக்கு ஓட்டை விற்றவர்கள் என்று.

அடாச்சியின் பொதுவாழ்வு பதவியோடு தொடங்கவும் இல்லை. அவர் பெற்றோரும் தாத்தா பாட்டியும் 1942இல் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே முகாமில் அடைக்கப்பட்டவர்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோ சைனாடவுன் கொலையில் தவறாகத் தண்டிக்கப்பட்ட சோல் சூ லீ என்ற கொரிய இளைஞருக்காக எழுந்த இயக்கத்தில் அடாச்சி மாணவராக இருந்தபோதே சேர்ந்தார். அந்த இயக்கத்துக்குப் பாட்டு எழுதினார். அப்போது அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

அவர் அலுவலகம் எடுத்த ஹம்ஃப்ரி வழக்கையும் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஏழை, பக்கத்து அறைக்காரரிடமிருந்து சில டாலர்களையும் ஒரு சென்ட் பாட்டிலையும் எடுத்ததாகக் கைதானார். ஜாமீன் தொகை 6 லட்சம் டாலர். பிறகு மூன்றரை லட்சமாகக் குறைக்கப்பட்டது. இரண்டும் அவருக்கு ஒன்றுதான். ஜாமீன் பணம் கட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 2021 மார்ச்சில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அடாச்சி இல்லை. 2019 பிப்ரவரி 22 அன்று, 59 வயதில், பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார்.

அந்த மரணத்தைப் பற்றிய கிசுகிசுவோடு கட்டுரையாளர் தன் கட்டுரையை முடித்திருக்கிறார். அந்தக் கிசுகிசு எங்கிருந்து வந்தது? போலீஸ் துறையின் ரகசிய அறிக்கை, அவர் இறந்த சில மணி நேரத்தில் செய்தியாளர்களுக்குக் கசிந்தது. கசியவிட்டவரைத் தேடுகிறோம் என்று போலீசார் ஒரு செய்தியாளரின் வீட்டுக்குள் சம்மட்டியோடு போனார்கள். அந்தச் சோதனைக்கான வாரண்டுகள் செல்லாது என்று பிறகு நீதிபதிகள் ரத்து செய்தார்கள். வாழ்நாளெல்லாம் அடாச்சி எந்தத் துறையைக் கேள்வி கேட்டாரோ அந்தத் துறையிலிருந்து கசிந்ததை எடுத்து, பதில் சொல்ல முடியாத ஒருவர் மீது வீசியிருக்கிறார். ஓட்டு முறையைப் பற்றி அவர் எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் எழுதட்டும், பதில் எழுதுகிறேன். அந்தக் கடைசிப் பத்தியையும் பைகளைப் பற்றிய வரியையும் அடுத்த இதழில் அவர் திரும்பப் பெற வேண்டும்.