பின்சில்லு ஆடுகிறதா?



போன மாதம் என் பழைய காரின் பின்பக்கத்தில் 'ஊ' என்று ஓர் இரைச்சல். "ரயர் பழசு, அதுதான்" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு றேடியோவைக் கூட்டினேன். இரண்டு புது ரயர் வாங்கிப் போட்டும் இரைச்சல் நிற்கவில்லை. தேய்ந்திருந்தது பெயாரிங். பின்சீற்றில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவுட்டோபானில் ஓடியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

காசு செலவழிக்க முன் நீங்களே பாருங்கள். காரைச் சமதரையில் நிறுத்திக் கியரில் விடுங்கள். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹான்ட் பிறேக்கை இளக்கி, பின்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பாதீர்கள்.

மணிக்கூட்டில் 12, 6 இருக்கும் இடங்களில் ரயரைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால், ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங். நிற்காவிட்டால் அச்சைத் தாங்கும் றப்பர் புஷ்ஷைப் பார்க்கவேண்டும். பிறகு சில்லைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பெயாரிங்கை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு விஷயம். நட்டை இறுக்கி ஆட்டத்தைச் சரிசெய்யும் கோல்ஃப் 3 போன்ற பழைய கார்களில் மயிரளவு ஆட்டம் இருக்கலாம், குற்றமில்லை. அதையும் இல்லாமற் செய்ய இறுக்கினால் பெயாரிங் சூடேறிக் கருகிவிடும். கழற்றினால் புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

கூட ஆடினால், கல்யாண வீட்டுக்கு ரயிலில் போங்கள். கார் கராஜுக்குப் போகட்டும்.

அடுத்த இதழில் பற்றரி பற்றிப் பார்ப்போம்.